பனலூ அடிகளாரின் இரண்டு மறையுரைகள்

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் ஆல்பெர் காம்யுவின் 'கொள்ளை நோய்' என்னும் புதினத்தை நாம் முதன்முதலாகப் படித்தோம். விரும்பி எடுத்த நூலன்று. உலகில் தீமை ஏன் என்னும் வினாவைக் கடவுள் நம்பிக்கையற்றோர் எவ்வாறு எழுப்புகின்றனர் என்பதை அறிந்து வருமாறு பேராசிரியர் பணித்திருந்தார். நூலகத்திலிருந்த ஆங்கிலப் படியை எடுத்து, அதில் வரும் இயேசு சபைக் குருவின் பகுதிகளை மட்டும் கோடிட்டுப் படித்து, மூன்று பக்கத்தில் ஒரு மறுப்பு எழுதிக் கொடுத்தோம். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. எலிகள் செத்து விழுவதும், ஊரின் வாயில்கள் அடைபடுவதும், பிணங்கள் இரவில் கொண்டு செல்லப்படுவதும் அன்று நமக்கு வெறும் உருவகங்கள்.

2020 மார்ச்சு 24ஆம் நாள் இரவு நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கோவில் கதவைப் பூட்டிவிட்டுப் பங்கு இல்லத்தில் தனித்திருந்த வாரங்களில் அந்நூல் மீண்டும் நம் கைக்கு வந்தது. அவ்வாண்டு உலகெங்கும் பலர் அதனைத் தேடி வாங்கினர் என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆனால் அச்சத்தோடு படிக்கும் படிப்பில் மனம் தன்னையே தேடும், நூலைக் காணாது. அண்மையில் மூன்றாம் முறையாக அதனைப் பொறுமையாகப் படித்து முடித்தோம். அந்த வாசிப்பில் எழுந்த எண்ணங்களையே இங்கு வாசகர் முன் வைக்கின்றோம்.

புதினம் 1947இல் வெளிவந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் ஓரான் என்னும் துறைமுக நகரில் பிளேக் நோய் பரவுகிறது. முதலில் அதன் பெயரைச் சொல்லவே அதிகாரிகள் தயங்குகின்றனர். பின்னர் நகரின் வாயில்கள் மூடப்படுகின்றன. உள்ளிருப்போர் வெளியேற இயலாது. வெளியிலிருப்போர் திரும்ப இயலாது. மருத்துவர் ரியூ நாள்தோறும் நோயாளிகளைப் பார்க்கிறார். தாரூ என்பவர் தன்னார்வச் சுகாதாரக் குழுக்களை அமைக்கிறார். ஏறத்தாழ ஓராண்டு சென்றபின் நோய் தானாகவே தணிகிறது. செருமானிய நாசிகளுக்கு எதிரான ஐரோப்பிய எதிர்ப்புப் போராட்டமே இக்கதையின் வெளிப்படையான பொருள் என்று 1955இல் ஒரு திறனாய்வாளருக்கு எழுதிய மறுமொழியில் காம்யுவே கூறியிருக்கிறார். அது உண்மையே. ஆயினும் 2020க்குப் பின் இந்நூலை உருவகமாக மட்டும் படிப்பது நம்மால் இயலாததாயிற்று.

காம்யு எவ்வளவு சரியாகக் கண்டிருக்கிறார் என்பதற்கு ஒன்றைக் குறிப்பிடலாம். துறைமுகம் மூடப்பட்டு வேலையிழந்தோர் பெருகியதால், பிணம் புதைக்கவும் நோய்க்கழிவு அகற்றவும் ஆள் கிடைக்காமற் போகவே இல்லை என்று எழுதுகிறார். அச்சத்தைவிட வறுமை வலியது என்பதை அங்கே அவர் கண்டுகொள்கிறார். இடரின் அளவிற்கேற்பக் கூலி தரப்பட்டது என்றும் சேர்க்கிறார். இந்த இறுதிச் செய்தியைப் படித்தபோது நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். நம் தெருக்களில் விடியற்காலையில் வந்து, ஒட்டுவில்லை ஒட்டப்பட்ட வீடுகளின் குப்பையை வெறுங்கையால் எடுத்துச் சென்ற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு இடரின் அளவிற்கேற்பக் கூலி கிடைத்ததாக நாம் அறியோம். கற்பனை ஓரான் அவ்வகையில் நம் ஊரைவிட நேர்மையானது.

இன்னொருவர் கிரான். நகராட்சி அலுவலகத்தில் தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்து, தற்காலிகமாகவே முதுமையை எட்டியவர். தாம் எழுதத் தொடங்கிய கதையின் முதல் வாக்கியத்தையே ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பவர். அவர் மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை சுகாதாரக் குழுக்களின் கணக்கை எழுதித் தருகிறார். இக்கதைக்கு ஒரு வீரன் வேண்டுமெனில் இவரையே கொள்க என்கிறார் கதைசொல்லி. வெயிலில் வீடு வீடாக வந்து, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று கேட்டுப் பேரேட்டில் குறித்துச் சென்ற பெண்களை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கதவைத் திறக்காமலே பதில் சொன்ன வீடுகளும் உண்டு.

நாம் எழுத விழைந்தது இவர்களைப் பற்றியன்று. பனலூ அடிகளாரைப் பற்றியே. அவர் கற்றறிந்த இயேசு சபைக் குரு. தூய அகுஸ்தினாரைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். நோய் தொடங்கிய முதல் மாத இறுதியில் மறைமாவட்டம் ஒரு செப வாரத்தை அறிவிக்கிறது. அதன் நிறைவு ஞாயிறன்று பேராலயம் நிரம்பி வழிகிறது, வெளியே கனமழை. பனலூ பீடத்தில் ஏறி, மக்கள் துன்பத்தில் வீழ்ந்தனர் என்றும், அதற்கு அவர்கள் தகுதியானவர்களே என்றும் இடியென முழங்குகிறார். பார்வோனின் எகிப்தை நினைவூட்டுகிறார். உலகமாகிய களத்தில் பதரைப் பிரிக்கும் கருவி வீசப்படுவதாகச் சித்திரிக்கிறார். மொழி வளமும் ஒழுங்கும் மிக்க மறையுரை அது. குருமடத்தில் மறையுரைக் கலை பயின்ற எவரும் அதற்கு நல்ல மதிப்பெண் இடுவர்.

அம்மறையுரையைப் பற்றித் தாரூ கேட்டபோது மருத்துவர் ரியூ சொல்லும் மறுமொழிதான் மூன்றாம் வாசிப்பில் நம்மை நிறுத்தியது. பனலூ படிப்பாளி, மனிதர் சாவதை அவர் போதிய அளவு கண்டதில்லை, ஆனால் தன் பங்கு மக்களுக்குப் பணிவிடை செய்து, இறப்பவரின் மூச்சைக் காதால் கேட்ட எளிய நாட்டுப்புறக் குரு எவரும் தம்மைப் போலவே எண்ணுவார் என்கிறார் ரியூ. துன்பத்தின் மேன்மையை மெய்ப்பிக்குமுன் துன்புறுவோரைக் கவனிப்பார் என்பது அவர் கருத்து. இறைநம்பிக்கை அற்ற ஒரு மருத்துவரின் வாயில் பங்குக் குருக்களுக்கு இத்தகைய பாராட்டைக் காம்யு வைத்திருக்கிறார். குருமடத்தில் எழுதிய மறுப்பில் இப்பகுதியை நாம் குறிப்பிடவே இல்லை.

பனலூ அதன்பின் சுகாதாரக் குழுவில் சேர்ந்து மருத்துவமனைகளில் உழைக்கிறார். நடுவர் ஒத்தோனின் சிறு மகனுக்கு நோய் கண்டு, முதிய மருத்துவர் கஸ்தெல் உருவாக்கிய புதிய மருந்து அவனுக்குச் செலுத்தப்படுகிறது. மருந்து பலிக்கவில்லை, சாவை மட்டும் நீட்டிக்கிறது. அந்நீண்ட துடிப்பைக் கட்டிலருகே நின்று அனைவரும் காண்கின்றனர். பனலூ முழந்தாளிட்டு, குழந்தையைக் காத்தருளுமாறு இறைவனை மன்றாடுகிறார். குழந்தை இறக்கிறது. வெளியே வந்த ரியூ குருவிடம் வெடிக்கிறார். பின்னர் இருவரும் ஒன்றாக உழைப்பதை எண்ணி அமைதியுறுகின்றனர்.

இதன்பின் வருவது இரண்டாம் மறையுரை. காற்று வீசும் நாள். ஆலயத்தில் முன்போல் கூட்டமில்லை. இம்முறை குரு தணிந்த குரலில், தயங்கித் தயங்கிப் பேசுகிறார். கதைசொல்லி ஒன்றைக் கவனிக்கிறார்: பனலூ இப்போது 'நீங்கள்' என்று சொல்வதில்லை, 'நாம்' என்கிறார்.

பிரெஞ்சு மொழியில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான், ஆங்கிலத்திலும் அவ்வாறே. தமிழில் இரண்டு உண்டு. கேட்போரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. கேட்போரையும் உளப்படுத்துவது 'நாம்'. ஆகவே காம்யு ஒரு வரியில் சொல்லிச் சென்றதைத் தமிழில் படிப்பவர் இன்னும் துலக்கமாகக் காண இயலும். ஆனால் நம் மறையுரைத் தமிழில் மூன்றாவதாக ஒரு 'நாம்' இருக்கிறது. "நாம் செபிப்பதில்லை, நாம் நோன்பிருப்பதில்லை, நாம் ஞாயிறு கடனைப் புறக்கணிக்கிறோம்" என்று பீடத்திலிருந்து சொல்லும்போது சொல்பவர் அதற்குள் இல்லை என்பது கேட்பவர் அனைவர்க்கும் தெரியும். பணிவின் ஆடை உடுத்திய 'நீங்கள்' அது. கட்டுரையாளர் தம்மையே 'நாம்' என்று குறித்துக்கொள்ளும் வழக்கை, இக்கட்டுரையிலும் நாம் பின்பற்றிவரும் வழக்கை, அதற்கு உடன்பிறப்பு என்றே சொல்ல வேண்டும்.

இதை நாம் பிறர்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. 2020 மார்ச்சு 29, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. ஊரடங்கின் முதல் ஞாயிறும் அதுவே. இரண்டு நாள்களுக்கு முன், மார்ச்சு 27 மாலை, திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த தூய பேதுரு சதுக்கத்தில் நின்று, புயலில் சிக்கிய சீடர்களின் படகைப் பற்றிப் பேசியிருந்தார். எல்லாரும் ஒரே படகில் இருக்கின்றோம் என்பதே அவ்வுரையின் உயிர்நாடி. மருத்துவர், செவிலியர், கடைப்பணியாளர், துப்புரவாளர் என்று பெயரறியா எளியோரையும் அவர் எண்ணிச் சொன்னார். நாம் அதைத் தொலைக்காட்சியில் கண்டோம். கண்டும், ஞாயிறன்று கைப்பேசியின் முன் நின்று நாம் ஆற்றிய மறையுரை பனலூவின் முதல் மறையுரையாகவே இருந்தது. அன்றைய நற்செய்தி இலாசர் உயிர்பெற்றெழுந்த பகுதி. திறந்திருந்தபோது நாம் கோவிலுக்கு வரவில்லை, இப்போது வர விரும்பினாலும் கதவு மூடியிருக்கிறது, இது எச்சரிக்கை என்று கூறினோம். ஆண்டவர் நான்கு நாள் தாமதமாக வந்ததையும், வந்து கண்ணீர் விட்டதையும் விரைவாகக் கடந்து சென்றோம்.

அவ்வாண்டு செப்டம்பரில் மக்களோடு திருப்பலி மீண்டும் தொடங்கியது. முதல் ஞாயிறு முடிந்தபின், அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றும் நம் பங்குச் சகோதரி ஒருவர் திருப்பண்ட அறை வாயிலில் சற்றுத் தள்ளி நின்றார். அடிக்கடி கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்திருந்தது. "ஒண்ணு கேக்கணும் சாமி. நாம கோயிலுக்கு வராததாலதான் இது வந்துச்சுன்னு மார்ச்சுல சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை நான் டூட்டியில இருக்கிறதும் அதுல சேருமா?" என்று கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை, ஐந்து மாதமாக அவர் அதை உள்ளத்தில் சுமந்திருக்கிறார். சேராது அம்மா என்றோம். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார். நம் 'நாம்' என்னும் சொல்லை நம்பி அதற்குள் வந்து நின்ற ஒரே ஆள் அவர்தான் போலும்.

காம்யுவுக்கு நாம் இவ்வளவு கடன்பட்டிருப்பினும், இந்நூலில் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. முதலாவது, பனலூவின் இறப்பு. எல்லாவற்றையும் ஏற்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் மறுக்க வேண்டும் என்று இரண்டாம் மறையுரையில் கூறிய குரு, தாம் நோயுற்றபோது மருத்துவரை மறுக்கிறார். பாடுபட்ட சுரூபத்தைப் பற்றிக்கொண்டு இறக்கிறார். குரு ஒருவர் மருத்துவரை நாடலாமா என்று அவர் ஆய்வு எழுதிக்கொண்டிருந்ததாகவும் கதை கூறுகிறது. தருக்கத்தின் இறுதி வரை செல்லும் மனிதரைப் படைக்கக் காம்யு விரும்பினார், படைத்தார். ஆனால் அது காம்யுவின் தருக்கம், திருச்சபையின் போதனையன்று. சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. அவரையும் மருந்தையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. நோயுற்றவன் இறைவனிடம் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்கிறது. விவிலியத்தில் தேர்ந்த ஓர் இயேசு சபைக் குருவுக்கு இப்பகுதி தெரியாதிருக்க இயலாது. 1948இல் தொமினிக்கன் துறவியரிடையே உரையாற்றச் சென்ற காம்யுவுக்கு இதனை யாரேனும் எடுத்துக் காட்டியிருக்கலாம். இதனை ஒரு குறையாகவே எண்ணுகிறோம். ஏனெனில் நம் ஊர்களிலும் 2021இல் தடுப்பூசி வந்தபோது, செபம் போதும் ஊசி வேண்டாம் என்ற குரல்கள் சில எழுந்தன. அவர்களும் பனலூவைப் போல் முற்றும் உறுதியாகவே இருந்தனர்.

இரண்டாவது குறை பெரிது. இந்நூலில் வீடு இல்லை. ஓரானில் வாயில்கள் அடைபட்டனவேயன்றி வீடுகள் அடைபடவில்லை. உணவகங்களும் திரையரங்குகளும் நிறைந்தே இருந்தன. நம் ஊரடங்கோ அடுப்படிக்குள் நிகழ்ந்தது. ரியூவின் மனைவி தொடக்கத்திலேயே மலைநாட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். தாய் சன்னலருகே அமைதியாக அமர்ந்திருக்கிறார். உழைப்பவர், பேசுபவர், சிந்திப்பவர் எல்லாரும் ஆண்கள். அந்நகரின் அரபு மக்களும் கதையில் ஆளாக வருவதில்லை. 1970இலேயே திறனாய்வாளர் கோனர் குரூசு ஓபிரையன் இதைச் சுட்டிக்காட்டினார். நோய் அவர்களுக்கும் வந்திருக்குமன்றோ?

வீட்டையும் பெண்ணையும் காண நாம் திருநூலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. நாடு கடத்தப்பட்டு நினிவேயில் வாழ்ந்த தோபித்து, கொல்லப்பட்டுக் கிடந்த தம் இனத்தாரின் உடல்களை மறைவாக அடக்கம் செய்தவர். பெந்தகோஸ்து விருந்தில் அமர்ந்தவர், தெருவில் பிணம் கிடக்கிறது என்று கேட்டதும் உண்ணாமல் எழுந்து செல்கிறார். அண்டை அயலார் ஏளனம் செய்கின்றனர். அன்றிரவே கண்ணில் குருவி எச்சம் விழுந்து பார்வை மங்குகிறது. நாம் பொதுவாக இத்துடன் நிறுத்திவிடுவோம். அதன்பின் குடும்பத்தைக் காத்தவர் மனைவி அன்னா. அவர் கூலிக்கு நெசவு செய்கிறார். ஒருநாள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைக்க, கணவர் அது திருட்டு ஆடோ என்று ஐயுற்றுத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். அன்னா சினந்து, உமது அறச்செயல்கள் எங்கே போயின என்று கேட்கும் அந்தச் சண்டை, வேலையற்ற கணவனும் உழைத்துக் களைத்த மனைவியும் ஓரறையில் அடைபட்ட எத்தனை வீடுகளில் 2020இல் ஒலித்தது! வெள்ளை வட்டங்களில் வரிசையாய் நின்று அரிசி வாங்கி வந்தவரும், வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு மூன்று வேளையும் சமைத்தவரும், வாரந்தோறும் குழுக் கடனுக்குப் பதில் சொன்னவரும் அன்னாவே. அவ்வாண்டு மார்ச்சு 20இல் திருத்தூது மன்னிப்பு நீதிமன்றம் வழங்கிய நிறைபேறு பலன்களில், மருத்துவப் பணியாளர்களோடு, நோயுற்றோரைப் பேணும் குடும்பத்தாரும் சேர்க்கப்பட்டிருந்தனர். அதை நாம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். பூட்டிய கோவிலின் பலகையில்.

இறந்தோரை அடக்கம் செய்வது உடல்சார் இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வியில் சிறுவர்க்குக் கற்பிக்கின்றோம். 2020 ஏப்ரலில் சென்னையில், நோய்க்குப் பலியான கிறித்தவ நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் மக்கள் கூடித் தாக்கினர். உடன் பணிபுரிந்த மருத்துவர் ஒருவர், மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு, இரவில் தாமே மண்வெட்டி பிடித்து அவரைப் புதைத்தார். அதே மாதத்தில், அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கும் அவசரச் சட்டம் தமிழகத்தில் வந்தது. நினிவேயில் அடக்கம் செய்பவரை மன்னன் தண்டித்தான். இங்கே தடுத்தவர்கள் குடிமக்கள். சட்டம் அடக்கம் செய்பவர் பக்கம் நின்றது. பின்னர்ப் பல ஊர்களில் முசுலிம் இளைஞர்கள் சமய வேறுபாடு பாராது உடல்களைத் தூக்கிச் சென்று, அவரவர் முறைப்படி அடக்கம் செய்ததை நாம் கண்ணாரக் கண்டோம். தாரூவின் சுகாதாரக் குழு இவர்களே.

2021 மே மாதத்தில் நம் பங்கைச் சார்ந்த தச்சுத் தொழிலாளி ஒருவர் அரசு மருத்துவமனையில் இறந்தார். நோயில்பூசுதல் அளிக்க நாம் உள்ளே செல்ல அனுமதியில்லை. முன்னர்க் குறிப்பிட்ட அதே சகோதரிக்கு அன்று இரவுப் பணி. அவர் தம் கைப்பேசியில் நம்மை அழைத்து, "காதுகிட்ட பிடிக்கிறேன் சாமி, சொல்லுங்க" என்றார். இறப்போருக்கான மன்றாட்டைச் சொன்னோம். தொலைபேசி வழியாக அருளடையாளம் வழங்க இயலாது என்பதை நாம் அறிவோம். குருமடத்தில் அதையும் தேர்வில் எழுதியவர்களே. மறுமுனையில் ஓர் இரைச்சல் விட்டு விட்டுக் கேட்டது. ஆக்சிசன் குழாயின் ஒலியா, அவர் மூச்சா என்று இன்றும் நம்மால் பிரித்தறிய இயலவில்லை.

பனலூவின் உடலில் பிளேக் நோயின் குறிகள் தெளிவாகத் தோன்றவில்லை. எனவே அவரது மருத்துவ அட்டையில், இது ஐயத்திற்குரியது என்று குறிக்கப்பட்டதாகக் காம்யு அவ்வதிகாரத்தை முடிக்கிறார். அவரது நம்பிக்கையைப் பற்றிய தீர்ப்பாகவே திறனாய்வாளர் பலர் அதைக் கொள்வர். குருமடத்தில் நாமும் அவ்வாறு கொண்டே சினந்தோம்.

நம் பங்கின் இறப்புப் பதிவேட்டில், அருளடையாளங்கள் பெற்றாரா என்று ஒரு கட்டம் உண்டு. தச்சரின் பெயருக்கு நேரே அக்கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் பென்சிலால் சிறு கோடு ஒன்று இட்டு வைத்தோம். சென்ற ஆண்டு ஆயர் பங்குச் சந்திப்புக்கு வந்து பதிவேடுகளைப் புரட்டியபோது, அக்கோட்டில் விரல் வைத்து இது என்ன என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். ஆயர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் அப்பக்கத்தின் அடியில் கையொப்பமிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மையால் எழுதுமாறு அவர் சொல்லவில்லை.